கொங்கு நாட்டுக் கொரங்காடு: காங்கயம் மாடும் செம்மறியும் சார்ந்த சிறுபண்ணை முறையின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

கொங்கு நாட்டின் வறண்ட கீழைப் பகுதிகளில் உயிர்வேலி சூழ்ந்த தனியார் மேய்ச்சல் நிலங்கள் கொரங்காடு என வழங்கப்படுகின்றன. காங்கயம் மாட்டினமும் அப்பகுதிச் செம்மறி இனங்களும் இந்நிலங்களைச் சார்ந்தே நிலைபெற்றன. இம்மாட்டினத்தின் பெருமையை ஒரு பெருநிலக்கிழார் குடும்பத்தின் தொழுவத்தோடு மட்டும் இணைத்துப் பேசுவது வழக்கமாகியுள்ளது. கிணற்றுத் தோட்டம், மானாவாரிக் காடு, கொரங்காடு என்னும் மூன்றையும் ஒருங்கே நடத்திய சிறுபண்ணை முறையே இவ்வினத்தின் அடித்தளம் என்பதையும், மின்பொறியின் வருகைக்குப் பின் மாடு தன் பயனை இழந்தபோது செம்மறியே மேய்ச்சல் நிலத்துக்கு வருவாய்க் காரணமாக நின்றது என்பதையும் இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது.

திறவுச் சொற்கள்: கொரங்காடு, காங்கயம் மாடு, செம்மறி, கவலை ஏற்றம், கொழுக்கட்டைப் புல், கொங்கு வேளாண் வரலாறு.

முன்னுரை

தமிழகக் கால்நடை வரலாறு பெரும்பாலும் இனங்களின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. கொம்பின் வளைவு, திமிலின் உயரம், தோலின் நிறம் ஆகியவற்றைக் கொண்டு ஓர் இனம் அடையாளப்படுத்தப்படுகிறது. பின்னர் அதன் தொன்மை பேசப்படுகிறது. இறுதியில் அதன் அழிவு குறித்த கவலை பதிவாகிறது. அவ்வினம் எந்த நிலத்தில் மேய்ந்தது, எந்த வேலையைச் செய்தது, அதனோடு வேறு எவ்வுயிர்கள் வளர்ந்தன, அதனைப் பேணியவர் எவர் என்னும் வினாக்கள் பின்னுக்குத் தள்ளப்படுகின்றன.

காங்கயம் மாட்டின் வரலாறு இக்குறையை நன்கு காட்டும். இன்றைய திருப்பூர், ஈரோடு, கரூர், திண்டுக்கல் மாவட்டங்களின் புன்செய்ப் பகுதிகளில் பரவலாக வளர்க்கப்பட்ட இம்மாடு உழவுக்கும் இறைவைக்கும் வண்டிக்கும் உரிய உழைப்பினம். அதன் உருவம் இன்று தமிழர் அடையாளச் சின்னங்களுள் ஒன்றாகிவிட்டது. ஆயினும் அதனை உருவாக்கிய நில ஒழுங்கு பொதுவெளியில் அவ்வளவாக அறியப்படவில்லை.

கொங்கு நில அமைப்பும் கொரங்காடும்

காங்கயம், தாராபுரம், வெள்ளகோவில், மூலனூர் வட்டாரங்கள் மழை மறைவுப் பகுதியைச் சேர்ந்தவை. பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் தென்மேற்குக் காற்று இங்கு வந்து சேரும்போது பெரும்பாலும் ஈரம் இழந்திருக்கும். ஆண்டு மழையளவு ஏறத்தாழ 600 மில்லிமீட்டர். அதில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது. சரளையும் சுண்ணாம்புக் கல்லும் கலந்த மேட்டுமண்ணில் பயிர்த்தொழில் ஒன்றை மட்டும் நம்பி வாழ்வது கடினம்.

இச்சூழலில் ஒரு குடும்பத்தின் நிலம் மூன்று வகையாகப் பயன்பட்டது. கிணற்று நீர் பாயும் பகுதி தோட்டம். மழையை நம்பிச் சோளம், கம்பு, கொள்ளு முதலியன விதைக்கப்பட்ட பகுதி காடு. உழவுக்கு ஒதுங்கிய மண் அமைந்த பகுதி கொரங்காடு. மூன்றும் ஒன்றையொன்று தாங்கின. தோட்டத்துக்கு நீர் இறைக்கும் எருது கொரங்காட்டில் வளர்ந்தது. அதற்குக் கோடையில் வேண்டிய சோளத்தட்டு காட்டிலிருந்து வந்து போராக அடுக்கப்பட்டது. காட்டுக்கும் தோட்டத்துக்கும் வேண்டிய எரு தொழுவத்திலிருந்தும் ஆட்டுப்பட்டியிலிருந்தும் கிடைத்தது.

கொரங்காட்டின் அமைப்பில் மூன்று தாவரங்கள் முதன்மையானவை. தரையில் கொழுக்கட்டைப் புல். இடையிடையே வெள்வேல மரம். சுற்றிலும் முள்கிளுவை வேலி. கொழுக்கட்டைப் புல் வறட்சியில் காய்ந்து தோன்றினும் வேர் பிழைத்திருந்து ஒரு மழைக்கே தளிர்க்கும். வெள்வேலம் நிழல் தரும். அதன் காய் கோடையில் செம்மறிக்குத் தீவனமாகும். காயைத் தின்ற ஆட்டின் புழுக்கையோடு விழும் விதை எளிதில் முளைப்பதால் மரத்தின் பெருக்கமும் ஆட்டைச் சார்ந்ததாகிறது. கிளுவைப் போத்துகளை நட்டு வளர்க்கும் வேலி, வெட்ட வெட்டத் தழைத்து நெடுங்காலம் நிற்கும்.

இவற்றுள் வரலாற்று நோக்கில் மிகுந்த கவனத்துக்குரியது வேலியே. வேலி இருந்தமையால் மாடுகளை மேய்ப்பாரின்றி விடலாம். இரவிலும் அவை அங்கேயே தங்கலாம். ஒரு காட்டின் புல் குறைந்ததும் படலைத் திறந்து மற்றொன்றுக்கு மாற்றலாம். சில ஏக்கர் பரப்புள்ள பாத்திகளாக நிலத்தைப் பிரித்து மாற்றி மாற்றி மேய்க்கும் இம்முறையில் புல் மீண்டும் வளர ஓய்வு கிடைத்தது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நிலத்தை உழுது சோளமோ பயறோ கொள்ளோ விதைப்பதும் உண்டு. அறுவடைக்குப் பின் இளகிய மண்ணில் புல் புதிதாய் எழும்.

மேய்ச்சல் நிலம் என்றவுடன் ஊர்ப்பொது மந்தைவெளியும் மேய்க்கால் புறம்போக்குமே நினைவுக்கு வரும். கொரங்காடோ பட்டா நிலம். இரயத்துவாரி முறையில் பயிர் வைத்தாலும் வைக்காவிட்டாலும் பட்டாதாரர் தீர்வை செலுத்தக் கடமைப்பட்டவர். அவ்வாறிருந்தும் உழவர் தம் நிலத்தின் ஒரு பங்கைப் புல்லுக்கு விட்டனர் எனின், புல்லால் விளைந்த கால்நடை வருவாய் அதற்கு ஈடு செய்தது என்பதே பொருத்தமான விளக்கமாகும். கொரங்காட்டைத் தரிசாகக் கருதாமல், புல்லை விளைபொருளாகக் கொண்ட சாகுபடி நிலமாகக் கொள்வதே தகும்.

பழஞ்சான்றுகளும் அவற்றின் எல்லையும்

கொங்கரைக் கால்நடைச் செல்வத்தோடு இணைத்துப் பேசும் மரபு பழமையானது. பதிற்றுப்பத்தில் கொங்கர் ஆனிரை உடையோராகச் சுட்டப்படுகின்றனர். அகநானூற்றின் 79ஆம் பாடல் கொங்கரின் மணி பூண்ட ஆனிரை நீரூற்றை நாடிச் செல்வதைக் கூறுகிறது. கருவி கொண்டு கல்லை உடைத்துத் தோண்டிய குழியில் ஊறும் நீர் அது. பாறையை அகழ்ந்து நீர் காண்பதும் ஆனிரை பேணுவதும் ஒரே நிலக்காட்சியில் இணைந்திருப்பது கொங்கு வேளாண் வரலாற்றுக்கு முதன்மையான சான்றாகும்.

செம்மறியின் பொருளாதார இடத்தைக் கல்வெட்டுகள் தெளிவாகக் காட்டுகின்றன. கோயில் நந்தா விளக்குக்காக விடப்பட்ட ஆடுகள் ‘சாவா மூவாப் பேராடு’ எனக் குறிக்கப்பட்டன. தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகளில் ஒரு விளக்குக்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை என்னும் கணக்கு காணப்படுகிறது. ஆடுகள் இறப்பினும் பிறப்பினும் முதலாகிய எண்ணிக்கை குறையாது என்பதே அத்தொடரின் பொருள். அவற்றை ஏற்றுப் பேணிய இடையர் மன்றாடிகள் எனப்பட்டனர்.

இச்சான்றுகளைக் கையாள்வதில் எச்சரிக்கை தேவை. சங்கப் பாடல் கூறும் ஆனிரையே இன்றைய காங்கயம் இனம் எனக் கூறுவதற்கு ஆதாரமில்லை. தஞ்சைக் கல்வெட்டின் கணக்கு கொங்குக்கும் அப்படியே பொருந்தும் எனவும் கொள்ளலாகாது. கால்நடை பேணலும் கிணறு அகழ்தலும் இப்பகுதியின் வறட்சிக்கு நெடுங்கால விடையாக இருந்தன என்பதும், செம்மறி தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும் முதலாகத் தமிழகத்தில் கருதப்பட்டது என்பதுமே இவற்றால் உறுதியாகப் பெறப்படும் செய்திகள். ஓர் இனத்துக்கு ஈராயிரம் ஆண்டுப் பழமை தேடுவதைவிட, அது எந்த வேலைக்காக எந்த நிலத்தில் உருப்பெற்றது என ஆராய்வதே பயன் தரும்.

காங்கயம் மாடும் கவலை ஏற்றமும்

காங்கயம் கன்று பிறக்கும்போது செந்நிறமாக இருக்கும். ஏறத்தாழ ஆறு மாதங்களில் சாம்பல் நிறத்துக்கு மாறும். வளர்ந்த காளையின் தலை, கழுத்து, திமில், பின்புறம் ஆகியன கருமை ஏறிக் காணப்படும். காயடித்த எருதில் அக்கருமை மங்கிவிடும். மயிலை, காரி, செவலை என நிறத்தால் மாடுகளைப் பிரித்தறியும் வழக்கு இன்றும் உண்டு. நடுத்தர உடல், கடினமான குளம்பு, குறைந்த தீவனத்தில் நீண்ட நேரம் உழைக்கும் ஆற்றல் ஆகியவை இவ்வினத்தின் பண்புகள். பால் மிகுதி இதன் சிறப்பன்று. வீட்டுப் பாலுக்கும் நெய்க்கும் பல குடும்பங்கள் எருமையையே நம்பின.

இப்பண்புகள் எவ்வேலைக்கு வேண்டியிருந்தன என்பதற்குக் கவலை ஏற்றமே விடை. கொங்குக் கிணறுகள் பாறையைத் துளைத்து ஆழமாக அகழப்பட்டவை. அவற்றிலிருந்து தோலாலோ இரும்பாலோ ஆன பறியை வடத்தில் பிணைத்து, சரிந்த வாரியில் எருதுகளை ஓட்டி நீர் இறைத்தனர். இறங்குகையில் தம் எடையை முழுதும் வடத்தில் செலுத்தி இழுக்கவும், மீண்டும் மேட்டை ஏறி அதே இடத்துக்கு வரவும் எருதுகள் பழக வேண்டும். நாள்தோறும் பல மணிநேரம் நிகழும் இவ்வேலைக்குப் பெருத்த உடல் தடையாகும். மெலிந்த உடல் பயன்படாது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோயம்புத்தூர்ப் பகுதியில் பரவிய கம்போடியாப் பருத்தி இறைவையை வேண்டிய பயிர். ஆதலின் கிணறுகள் பெருகப் பெருக நல்ல எருதுகளுக்கான தேவையும் பெருகியது.

இக்காலகட்டத்தில்தான் காங்கயம் இனம் அரசு ஆவணங்களில் இடம்பெற்றது. 1909இல் வெளிவந்த கன்னின் தென்னிந்திய மாடுகள் குறித்த நூலும், 1936இல் வெளிவந்த லிட்டில்வுட்டின் தென்னிந்தியக் கால்நடைகள் குறித்த நூலும் இவ்வினத்தைப் பேசுகின்றன. ஓசூர் அரசுக் கால்நடைப் பண்ணையில் காங்கயம் மந்தை பேணப்பட்டது. பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியார் தெரிந்தெடுத்த பொலிகாளைகளைக் கொண்டு தம் மந்தையைச் செம்மைப்படுத்தியமை இவ்வினத்தின் சீர்மைக்குப் பெருங்காரணமாகக் கூறப்படுகிறது.

பழையகோட்டைத் தொழுவத்தின் பங்கு மறுக்கத்தக்கதன்று. ஆயினும் ஆவணம் எவரைக் கண்டது என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அதிகாரிகள் பெரிய பண்ணைகளையும் கண்காட்சிகளையும் அணுகினர். அவற்றையே பதிவு செய்தனர். ஒன்றிரண்டு பசுக்களை வைத்திருந்த உழவரின் தொழுவம் எந்நூலிலும் தனியே இடம்பெறவில்லை. ஒரு பெருமந்தை எத்துணைச் சிறந்த காளைகளைத் தந்தாலும், அவற்றின் வழித்தோன்றல்கள் பரவுவதற்கு ஊர்தோறும் பசுக்கள் வேண்டும். அப்பசுக்களுக்குப் புல் வேண்டும். கொங்கில் பூச்சிக்காளை எனப்படும் பொலிகாளையை ஒரு சிலரே வளர்த்தனர். கன்று ஈன்ற பசுக்களோ எண்ணற்ற சிறு கொரங்காடுகளில் நின்றன. வெள்ளகோவிலை அடுத்த கண்ணபுரத்தில் மாரியம்மன் கோயில் திருவிழாவையொட்டிச் சித்திரையில் கூடும் மாட்டுச் சந்தை இவ்விரு தரப்பையும் இணைத்தது. அங்கு வாங்குவோர் பல்லையும் குளம்பையும் நடையையும் பார்த்து விலை பேசினர். கொரங்காட்டில் தொடங்கிய தெரிவு சந்தையில் முற்றுப்பெற்றது.

செம்மறியின் இடம்

கொரங்காட்டைக் குறித்த எழுத்துகளில் மாடு முன்னிற்க, செம்மறி பின்னிற்பது வழக்கம். பண்ணைக் கணக்கில் இரண்டும் வெவ்வேறு கால அளவைகளுக்கு உரியவை. எருது ஒன்று வேலைக்குப் பழகச் சில ஆண்டுகள் ஆகும். அதன் விலை பெரியது, ஆனால் அரிதாகக் கைக்கு வருவது. செம்மறிக்குட்டியைச் சில மாதங்களிலேயே விற்கலாம். திருமணம், மருத்துவம், கிணறு ஆழப்படுத்தல் எனத் திடீர்ச் செலவு வரும்போது இரண்டு ஆடுகளை விற்றுச் சமாளிக்க முடிந்தது.

மேய்ச்சலிலும் இரண்டும் போட்டியிடவில்லை. மாடு உயர்ந்த புல்லை நாவால் சுற்றி இழுத்து மேயும். செம்மறி எஞ்சிய குறும்புல்லைக் கடிக்கும். ஆதலின் முதலில் மாட்டையும் பின்னர் ஆட்டையும் விடுவதால் ஒரே நிலம் இருமுறை பயன்பட்டது. ஆட்டை அளவுக்கு மிஞ்சி நெடுநாள் விட்டால் புல்லின் அடிக்குருத்து அழியும் என்பதையும் உழவர் அறிந்திருந்தனர். இரவில் ஆடுகளைப் படல்களால் அமைத்த பட்டியில் அடைத்து, பட்டியை இடம் மாற்றி வைப்பதன் வழியே எரு நிலத்திலேயே பரப்பப்பட்டது.

கொங்குப் பகுதியில் வளர்க்கப்படும் மேச்சேரி, மயிலம்பாடி ஆடுகள் கம்பளிக்குரியவை அல்ல. இறைச்சிக்கும் தோலுக்கும் உரியவை. மேச்சேரி ஆட்டின் தோல் பதனிடும் தொழிலில் உயர்வாக மதிக்கப்படுவது. கம்பளி தரும் கோயம்புத்தூர்க் குரும்பை ஆடு இவற்றின் வேறானது. இறைச்சிக்கான தேவை நகரங்களின் வளர்ச்சியோடு உயர்ந்துவந்ததால், கம்பளித் தொழிலின் தளர்ச்சி கொரங்காட்டு ஆட்டைப் பெரிதும் பாதிக்கவில்லை. பின்னர் நிகழ்ந்தவற்றை விளங்கிக்கொள்ள இது இன்றியமையாத செய்தி.

உழைப்பும் உரிமையும்

கொரங்காட்டு முறையை இணக்கமான பழமையாக மட்டும் வரைவது வரலாற்றுக்கு நேர்மையாகாது. நிலமும் மாடும் பெரும்பாலும் வேளாளக் கவுண்டர் குடும்பங்களுக்கு உரியவை. தொழுவத்தைத் தூய்மை செய்தல், ஆடு மேய்த்தல், கவலை ஓட்டுதல் ஆகிய வேலைகளில் பண்ணையாள்களாகக் கட்டுண்டு உழைத்தோருள் அருந்ததியர் மிகப் பலர். இறந்த மாட்டின் தோலை உரித்துப் பதனிட்டுப் பறியும் வாரும் செருப்பும் செய்தவர்களும் அவர்களே. காங்கயம் மாடு உயிரோடிருந்தபோது நிலத்துக்கு உழைத்தது. இறந்தபின் அதன் தோல் மீண்டும் கிணற்றடிக்கே வந்தது. இச்சுழற்சியைத் தம் கைத்திறனால் இயக்கிய மக்களுக்கு நிலத்தில் உரிமை இருக்கவில்லை.

கோயம்புத்தூர் மாவட்டத்தின் அருந்ததியர் குறித்து 1997இல் நூல் வெளியிட்ட குன்னெல் செடர்லோஃப், கவலை ஏற்றத்தின் மறைவும் தோல் வேலைக்கான தேவைக் குறைவும் நிலவுடைமையாளர்க்கும் இம்மக்களுக்கும் இடையிலிருந்த பிணைப்பை எவ்வாறு குலைத்தன என ஆராய்ந்துள்ளார். அப்பிணைப்பு அடக்குமுறையாகவும் பிழைப்புக்கான உறுதியாகவும் ஒருசேர இருந்தது. கால்நடை மரபைப் போற்றுவோர் இவ்விரண்டு முகங்களையும் காணுதல் வேண்டும். ஊதியமின்றியோ குறைந்த கூலிக்கோ கிடைத்த உழைப்பை நம்பி நின்ற ஒரு முறையை, அவ்வுழைப்பு விடுதலை பெற்ற காலத்தில் அப்படியே மீட்டெடுக்க இயலாது. மீட்டெடுக்க விரும்புவதும் அறமன்று.

மின்பொறியின் வருகையும் மாட்டின் பயன் இழப்பும்

பைக்காரா நீர்மின் திட்டம் 1932இல் இயங்கத் தொடங்கியது. அம்மின்சாரம் கோயம்புத்தூர் ஆலைகளுக்கு மட்டுமன்றி, படிப்படியாகக் கிணறுகளுக்கும் எட்டியது. விடுதலைக்குப் பின் ஊரக மின்மயம் விரைவுபெற்றது. கீழ்பவானித் திட்டம் 1950களில் நிறைவேறி ஈரோட்டுப் பகுதியின் புன்செய்களில் ஒரு பங்கை வாய்க்கால் பாசனத்துக்குள் கொணர்ந்தது. பல எருதுகள் நாள் முழுதும் இறைத்த நீரைப் பொறி சில மணிநேரத்தில் இறைத்தது. எருதின் முதன்மை வேலை இவ்வாறு மறைந்தது. உழுபொறியும் சரக்கு ஊர்தியும் எஞ்சிய இரு வேலைகளையும் பின்னர்க் கவர்ந்தன.

1972இல் மின்கட்டண உயர்வை எதிர்த்து நாராயணசாமி நாயுடு தலைமையில் உழவர் நடத்திய போராட்டத்தில் மாட்டுவண்டிகள் கோயம்புத்தூர் நகரை நிறைத்தன. அக்காட்சி ஒரு காலமாற்றத்தின் சான்று. எருதுகளை ஓட்டி வந்தவர்கள் கோரியது, எருதுகளின் வேலையை ஏற்றுக்கொண்ட பொறிக்கான மலிவு மின்சாரத்தை. உழவர் மாட்டைக் கைவிட்டனர் எனப் பழிப்பது எளிது. ஆழம் மிகுந்த கிணற்றடியில் விடியுமுன் தொடங்கும் உழைப்பை அறிந்தோர் அவ்வாறு பழியார்.

1970 முதல் நாடளாவிய பால்வளத் திட்டங்கள் கலப்பினப் பசுவை முன்னிறுத்தின. கூட்டுறவுச் சங்கத்துக்கு நாள்தோறும் பால் ஊற்றி வருவாய் பெற விழைந்த குடும்பத்துக்குக் காங்கயம் பசு ஏற்றதாகத் தோன்றவில்லை. தொழுவத்தில் கட்டி வளர்க்கப்படும் கலப்பினப் பசுவுக்குக் கொரங்காடு இன்றியமையாததும் அன்று. மாடு போனபின் மேய்ச்சல் நிலத்தை நிலைநிறுத்தும் காரணம் செம்மறி ஒன்றேயாயிற்று. நிலத்தை ஆண்டுக் குத்தகைக்கு எடுத்து ஆடு வளர்க்கும் வழக்கம், உழவை விட்டு நகர வேலைக்குச் சென்றோரின் கொரங்காடுகளும் புல்வெளிகளாகத் தொடர உதவியது.

இனப் பாதுகாப்பும் நிலப் பாதுகாப்பும்

இன்று காங்கயம் இனம் தேசிய அளவில் பதிவுபெற்ற இனங்களுள் ஒன்று. குட்டப்பாளையத்தில் அமைந்த சேனாபதி காங்கயம் கால்நடை ஆராய்ச்சி மையம் போன்ற தன்னார்வ அமைப்புகள் இவ்வினத்தைப் பேணுகின்றன. மேச்சேரி ஆட்டுக்குப் பொட்டனேரியில் ஆராய்ச்சி நிலையம் உண்டு. 2014இல் உச்சநீதிமன்றம் சல்லிக்கட்டுக்கு விதித்த தடையும் 2017 சனவரியில் எழுந்த மக்கள் போராட்டமும் நாட்டு மாடு குறித்த ஆர்வத்தைப் பெருக்கின. இவ்வார்வம் காளைகளுக்கு மதிப்பைக் கூட்டியுள்ளது என்பதில் ஐயமில்லை.

எனினும் களத்துக்கும் பந்தயத்துக்கும் வளர்க்கப்படும் காளை, பருத்திக்கொட்டையும் தவிடும் ஊட்டிக் கட்டி வளர்க்கப்படுவது. அதற்குக் கொழுக்கட்டைப் புல் தேவையில்லை. பசுவும் சிலவே போதும். இனம் தப்பிப் பிழைக்கும், ஆனால் அவ்வினத்தை உருவாக்கிய தெரிவுமுறை மறையும். காற்றாலைகள், ஆலைகள், மனைப்பிரிவுகள் ஆகியவற்றுக்காகக் கொரங்காடுகள் விற்கப்பட்டுவரும் நிலையில் இவ்வேறுபாடு ஏட்டளவினதன்று. உறைநிலையில் விந்தைச் சேமித்து ஓர் இனத்தின் மரபணுவைக் காக்கலாம். தலைமுறைகளாக வெட்டித் தழைத்த கிளுவை வேலியை அவ்வாறு சேமிக்க வழியில்லை.

முடிவுரை

காங்கயம் மாட்டின் வரலாறு ஒரு தொழுவத்தின் வரலாறு அன்று; தோட்டம், காடு, கொரங்காடு என்னும் மூன்று நிலங்களை ஒரு குடும்பம் ஒருசேர நடத்திய முறையின் வரலாறு. அம்முறையில் எருது வேலைக்கும், எருமை பாலுக்கும், செம்மறி கைச்செலவுக்கும், புல் இவை அனைத்துக்குமாக நின்றன. கட்டுண்ட மக்களின் உழைப்பும் தோல் தொழிலும் அதன் பிரிக்கவியலாப் பகுதிகள். மின்பொறி எருதின் வேலையை எடுத்துக்கொண்டபோது மாடு முதலில் தளர்ந்தது. செம்மறி நிலத்தைத் தாங்கியது.

ஆதலின் இனப் பாதுகாப்புத் திட்டங்கள் மாட்டுக்கு அளிக்கும் கவனத்தைப் பட்டா மேய்ச்சல் நிலத்துக்கும், அதனை இன்று நடைமுறையில் காத்துவரும் சிறு ஆடுவளர்ப்போர்க்கும் குத்தகையாளர்க்கும் அளித்தல் இன்றியமையாதது. கொரங்காட்டைத் தரிசு எனக் கருதும் பார்வை மாறினாலன்றி அது விற்பனைக்குக் காத்திருக்கும் நிலமாகவே எண்ணப்படும். வட்டாரந்தோறும் எஞ்சியுள்ள கொரங்காடுகளின் பரப்பு, வேலியின் நிலை, மேயும் கால்நடை, மேய்ப்போரின் உரிமைநிலை ஆகியவற்றை ஊர்வாரியாகப் பதிவுசெய்வது இத்துறையில் அடுத்து நிகழவேண்டிய ஆய்வுப் பணியாகும்.